நுரை மிதப்பு முறையில் தாதுக்கூளம்

தாதுக்கூளம் (காங்கு) என்பது தாதுவில் பயனுள்ள கனிமத்துடன் கலந்திருக்கும் பயனற்ற கனிமத் துகள்களைக் குறிக்கும் சொல்லாகும். நுரை மிதப்பு முறையில், பயனுள்ள கனிமம் காற்றுக் குமிழிகளில் ஒட்டிக்கொண்டு மேலெழுந்து நுரையில் சேர்கிறது. தாதுக்கூளம் நீரிலேயே தங்கி அடியில் வெளியேறுகிறது. பள்ளிப் பாடநூல்கள் தரும் இவ்விளக்கம் அடிப்படையில் சரியானதே. எனினும் உண்மையான ஆலைகளில் தாதுக்கூளத்தின் ஒரு பகுதி எப்போதும் நுரைக்குள் வந்து சேர்கிறது. அது வந்து சேரும் வழிகள் பல. ஒவ்வொரு வழிக்கும் காரணம் வேறு, தீர்வும் வேறு. எவ்வழியாக வந்தது என்பதை அறியாமல் வேதிப்பொருளின் அளவை மட்டும் கூட்டினால், மாசு குறையாமல் செலவு மட்டும் கூடும். சில வேளைகளில் பயனுள்ள கனிமமும் இழக்கப்படும்.

சொற்பொருள்

தாதுக்கூளம் என்பது ஒரு சார்புச் சொல். எந்தக் கனிமமும் இயல்பிலேயே தாதுக்கூளம் அன்று. எதைப் பிரித்தெடுக்க விரும்புகிறோம் என்பதைப் பொறுத்தே அப்பெயர் அமைகிறது. கிராபைட்டு (பென்சில் கரி) இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். தமிழ்நாட்டின் சிவகங்கை மாவட்டத்தில் கிராபைட்டே தாது. அது நுரையில் சேர்க்கப்பட்டு, குவார்ட்சு முதலிய கனிமங்கள் தாதுக்கூளமாக நீக்கப்படுகின்றன. இராசத்தான் மாநிலத்தின் இராம்புரா ஆகுச்சா சுரங்கத்தில் ஈயமும் துத்தநாகமுமே தேவைப்படுபவை. அங்குள்ள பாறையில் கலந்திருக்கும் கிராபைட்டு வேண்டாத பொருளாகும்.

வேதி இயல்பின் அடிப்படையில் தாதுக்கூளத்தைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

* சிலிக்கேட்டு வகை: குவார்ட்சு, பெல்சுபார், பைராக்சீன், களிமண் கனிமங்கள், மாக்கல் (டால்க்)
* கார்பனேட்டு வகை: கால்சைட்டு, டோலமைட்டு
* ஆக்சைடு வகை: குரோமைட்டு, மேக்னடைட்டு
* சல்பைடு வகை: பைரைட்டு, பைரோடைட்டு
* கரிம வகை: கிராபைட்டு, கரிப்பொருள் நிறைந்த களிப்பாறை

வரலாற்றுப் பின்னணி

எண்ணெயைக் கொண்டு கனிமங்களைப் பிரிக்கும் முயற்சிகள் 19 ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டன. வில்லியம் எய்ன்சு 1860 இல் இங்கிலாந்திலும், கேரி எவர்சன் 1886 இல் அமெரிக்காவிலும் இதற்கான காப்புரிமை பெற்றனர். ஆயினும் நுரை மிதப்பு பெருந்தொழிலாக வளர்ந்த இடம் ஆஸ்திரேலியாவின் புரோக்கன் இல் சுரங்க நகரமே ஆகும்.

அங்கு ஈயம் பிரிக்கப்பட்ட பின்னர் எஞ்சிய கழிவு, மலைபோல் குவிந்து கிடந்தது. அக்கழிவில் துத்தநாகத் தாதுவான சிபலரைட்டு மிகுதியாக இருந்தது. அத்துடன் கலந்திருந்த ரோடோனைட்டு, கார்னட்டு ஆகிய கனிமங்களின் அடர்த்தி, சிபலரைட்டின் அடர்த்திக்கு நெருக்கமானது. எனவே எடை வேறுபாட்டை மட்டும் நம்பிய பழைய முறைகளால் அவற்றைப் பிரிக்க இயலவில்லை.

20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாட்டர், தெல்பிராட் ஆகியோர் உருவாக்கிய முறைகளில், சூடான நீர்த்த அமிலத்தில் இக்கழிவு இடப்பட்டது. கழிவிலிருந்த கார்பனேட்டுக் கனிமங்கள் அமிலத்துடன் வினைபுரிந்து கார்பனீராக்சைடு வளிமத்தை வெளியிட்டன. அக்குமிழிகளே சல்பைடுத் துகள்களை மேலே தூக்கின. அதாவது, வேண்டாத கனிமம் ஒன்றே பிரிப்புக்குத் தேவையான குமிழிகளைத் தந்தது. 1905 இல் மினரல்சு செப்பரேசன் நிறுவனத்தினர் பெற்ற காப்புரிமை, தாதுவின் எடையில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான எண்ணெயும் காற்றுக் குமிழிகளும் போதும் எனக் காட்டியது.

1922 இல் செரிடான், கிரிசுவோல்டு ஆகியோர் சயனைடு உப்புகளைக் கொண்டு சிபலரைட்டையும் பைரைட்டையும் மிதக்கவிடாமல் தடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றனர். 1925 இல் கெல்லர் சாந்தேட்டு உப்புகளைச் சேகரிப்பானாகப் பயன்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். எதை மிதக்கவைப்பது என்பதோடு எதை மிதக்கவிடாமல் தடுப்பது என்பதும் இக்காலம் முதல் மிதப்பு முறையின் சரிபாதியாயிற்று.

முறையின் சுருக்கம்

தாது முதலில் நொறுக்கப்பட்டு, நீருடன் சேர்த்து நன்கு அரைக்கப்படுகிறது. துகள்களின் அளவு பொதுவாகச் சில மைக்ரோமீட்டரிலிருந்து ஏறத்தாழ 150 மைக்ரோமீட்டர் வரை இருக்கும். ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்காகும். இவ்வாறு கிடைக்கும் தாதுக்குழம்பில் மூன்று வகையான வேதிப்பொருள்கள் சேர்க்கப்படுகின்றன.

* சேகரிப்பான்: பயனுள்ள கனிமத்தின் மேற்பரப்பில் ஒட்டி, அதனை நீர் வெறுக்கும் தன்மை உடையதாக்கும். (எ.கா: சாந்தேட்டு)
* நுரையாக்கி: குமிழிகளைச் சிறிதாக்கி, நுரை விரைவில் உடையாமல் காக்கும். (எ.கா: பைன் எண்ணெய்)
* தணிப்பான்: வேண்டாத கனிமத்தின் மேற்பரப்பை நீர் விரும்பும் தன்மையில் வைத்திருக்கும். (எ.கா: சுண்ணாம்பு, மாவுச்சத்து)

பின்னர் தொட்டியில் காற்று செலுத்தப்படுகிறது. நீர் வெறுக்கும் துகள்கள் குமிழிகளில் ஒட்டி மேலெழும்பி நுரையில் சேர்கின்றன. நுரை தொட்டியின் விளிம்பைத் தாண்டி வழிந்து தனியே சேகரிக்கப்படும். இதுவே செறிதாது ஆகும். அடியில் வெளியேறுவது கழிவுக்குழம்பு.

தாதுக்கூளம் நுரையை அடையும் வழிகள்

1. நீருடன் இழுத்துச் செல்லப்படுதல்

இது சுருக்கமாக உடனிழுப்பு எனப்படும். மிக நுண்ணிய தாதுக்கூளம் நுரையை அடைவதற்கு இதுவே பெரும்பாலான ஆலைகளில் முதன்மையான வழியாகும். இவ்வழியில் வரும் துகள் குமிழியில் ஒட்டுவதில்லை. குமிழிகள் குழம்பிலிருந்து நுரைக்குள் நுழையும்போது தம்முடன் நீரையும் கொண்டு செல்கின்றன. அந்நீரில் மிதந்துகொண்டிருக்கும் துகள்களும் உடன் செல்கின்றன. இதில் கனிமத்தின் மேற்பரப்பு இயல்புக்குப் பங்கில்லை.

நீர் எவ்வாறு மேலே கொண்டு செல்லப்படுகிறது என்பதற்கு மூன்று விளக்கங்கள் உள்ளன. குமிழியைச் சுற்றியுள்ள மெல்லிய நீர்ப்படலத்தில் துகள்கள் செல்கின்றன என்பது முதலாவது. குமிழிக்குப் பின்னால் தொடரும் நீர்ச்சுழிவில் இழுக்கப்படுகின்றன என்பது இரண்டாவது. நுரையின் அடிப்பகுதியில் குமிழிகள் நெருக்கமாகக் குவியும்போது அவற்றுக்கிடையில் அகப்பட்ட நீர், கீழிருந்து வரும் குமிழிகளால் மேலே தள்ளப்படுகிறது என்பது மூன்றாவது. இம்மூன்றாவது விளக்கத்தை 1989 இல் சுமித், வாரன் ஆகியோர் முன்வைத்தனர்.

உடனிழுப்பைத் தீர்மானிப்பதில் துகளின் அளவு முதன்மையானது. நுரைக்குள் சென்ற நீரின் பெரும்பகுதி, குமிழிகளுக்கு இடையேயுள்ள கால்வாய்கள் வழியாகக் கீழே வடிகிறது. பெரிய துகள்கள் நீரைவிட விரைவாகக் கீழிறங்கிக் குழம்புக்குத் திரும்பிவிடுகின்றன. சிறிய துகள்கள் நீர் செல்லும் இடமெல்லாம் செல்கின்றன. அசைவற்ற நீரில் 50 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள குவார்ட்சுத் துகள் நொடிக்கு ஏறத்தாழ 2.2 மில்லிமீட்டர் கீழிறங்கும். 5 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள துகள், இதே தொலைவில் நூறில் ஒரு பங்கையே கடக்கும்; அதாவது ஒரு நிமிடத்தில் 1.3 மில்லிமீட்டர் மட்டுமே. நுரையில் சில நொடிகளோ சில நிமிடங்களோ மட்டும் தங்கும் இத்துகளுக்கு, வடிந்து திரும்பப் போதிய நேரமில்லை.

இதனால் ஏறத்தாழ 10 மைக்ரோமீட்டருக்குக் குறைவான துகள்கள் நீரைப் போலவே நடந்துகொள்கின்றன எனலாம். 50 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட துகள்களில் உடனிழுப்பு மிகக் குறைவு. கனிமத்தின் அடர்த்தி கூடினாலும் உடனிழுப்பு குறையும்.

2. மெய்மிதப்பு

சில தாதுக்கூளத் துகள்கள், பயனுள்ள கனிமத்தைப் போலவே குமிழியில் ஒட்டி மிதக்கின்றன. இது இரண்டு வகைகளில் நிகழ்கிறது.

முதலாவது, இயல்பிலேயே நீர் வெறுக்கும் கனிமங்கள். மாக்கல், கிராபைட்டு, கந்தகம் ஆகியவற்றுக்குச் சேகரிப்பான் தேவையில்லை. மாக்கல்லின் படிகம் மெல்லிய தகடுகளால் ஆனது. தகட்டின் முகப்புப் பகுதியில் நீருடன் பிணையும் தொகுதிகள் இல்லாததால், நீர் அதில் படிவதில்லை. விரலால் தேய்த்தால் மாக்கல் வழவழப்பாக இருப்பதும் இத்தகட்டு அமைப்பினாலேயே.

இரண்டாவது, தற்செயலாகத் தூண்டப்பட்ட கனிமங்கள். நீரில் கரைந்துள்ள செம்பு, ஈயம் முதலிய அயனிகள் தாதுக்கூளத்தின் மேற்பரப்பில் படிந்து, சேகரிப்பான் ஒட்டுவதற்கு இடமளித்துவிடும். ஈயத்தைத் தனியே மிதக்கவைக்கும் கட்டத்தில், செம்பு அல்லது ஈய அயனிகளால் தூண்டப்பட்ட சிபலரைட்டு உடன் மிதந்துவிடுவது இவ்வாறே. ஆலைநீரை மீண்டும் மீண்டும் பயன்படுத்தும்போது இவ்வயனிகளும் எஞ்சிய வேதிப்பொருள்களும் சேர்ந்துகொண்டே போவதால், நீர்ப்பற்றாக்குறை உள்ள இடங்களில் இச்சிக்கல் கூடுதலாகக் காணப்படும்.

பைரைட்டு சல்பைடு வகையைச் சேர்ந்தது. எனவே சாந்தேட்டு அதிலும் ஒட்டக்கூடும். செம்புத் தாது ஆலைகளில் சுண்ணாம்பு சேர்த்துக் குழம்பின் பி.எச். மதிப்பை 10 அல்லது 11க்கு மேல் உயர்த்துவது, பைரைட்டைத் தணிப்பதற்காகவே ஆகும்.

3. இணைதுகள்கள்

அரைத்தல் போதாதபோது, ஒரே துகளில் பயனுள்ள கனிமமும் தாதுக்கூளமும் பிணைந்தே இருக்கும். துகளின் மேற்பரப்பில் சிறு பகுதி நீர் வெறுப்பதாக இருந்தாலும் அது குமிழியில் ஒட்டக்கூடும். அப்போது தாதுக்கூளமும் உடன் வருகிறது. இத்துகளைத் தணிப்பானால் தடுத்தால், அதிலுள்ள பயனுள்ள கனிமமும் இழக்கப்படும். இதற்குத் தீர்வு மீண்டும் அரைத்தலே. ஆனால் அளவுக்கு மீறி அரைத்தால் நுண்துகள்கள் பெருகி, உடனிழுப்பு கூடும். இவ்விரண்டுக்கும் இடையே சமநிலை காண்பது ஆலை வடிவமைப்பின் முதன்மைச் சிக்கல்களுள் ஒன்று.

4. சேற்றுப்படலம்

சில நுண்துகள்கள் பயனுள்ள கனிமத்தின் மேற்பரப்பின் மீதே படிந்துவிடுகின்றன. இதற்குப் பெரும்பாலும் மின்னேற்ற வேறுபாடே காரணம். நிக்கல் தாதுவான பெண்ட்லாண்டைட்டு, சற்றுக் காரத்தன்மையுள்ள நீரில் எதிர்மின்னேற்றம் கொண்டிருக்கும்; செர்ப்பன்டைன் வகைக் கனிமங்கள் நேர்மின்னேற்றம் கொண்டிருக்கும். எதிரெதிர் மின்னேற்றங்கள் ஈர்ப்பதால், செர்ப்பன்டைன் நுண்சேறு பெண்ட்லாண்டைட்டைப் போர்வைபோல் மூடுகிறது.

இதனால் இருவகைத் தீமைகள் விளைகின்றன. படலம் தடிமனாக இருந்தால் குமிழி ஒட்ட முடியாமல் நிக்கல் கழிவில் போய்விடும். படலம் மெல்லியதாக இருந்தால், மிதக்கும் நிக்கல் துகளின் மீதேறி மக்னீசியம் ஆக்சைடு செறிதாதுவை அடையும். உருக்காலையில் மக்னீசியம் ஆக்சைடு கசடின் உருகுநிலையை உயர்த்துவதால், அதன் அளவுக்கு வரம்பு விதிக்கப்படுகிறது. கார்பாக்சிமெத்தில் செல்லுலோசு என்னும் பலபடி செர்ப்பன்டைனின் மீது படிந்து அதன் மின்னேற்றத்தை மாற்றுகிறது. அப்போது படலம் விலகிவிடும்.

5. நுரையில் சிக்குதல்

நுரையில் குமிழிகள் நெருங்கி, அவற்றுக்கிடையேயுள்ள கால்வாய்கள் குறுகும்போது, சற்றுப் பெரிய துகள்கள் வடிய வழியின்றி மாட்டிக்கொள்வதுண்டு. நீர் வெறுக்கும் துகள்கள் மிகுதியாக நிறைந்த, வறண்ட நுரையில் இது காணப்படும். உடனிழுப்போடு ஒப்பிட இதன் பங்கு பெரும்பாலும் சிறியது.

உடனிழுப்பின் கணக்கு

உடனிழுக்கப்படும் தாதுக்கூளத்தின் அளவு, நுரையுடன் வெளியேறும் நீரின் அளவைப் பின்பற்றுகிறது. இதனைப் பின்வரும் எளிய தொடர்பால் குறிக்கலாம்.

தாதுக்கூள மீட்பு வீதம் = உடனிழுப்பு எண் × நீர் மீட்பு வீதம்

நீர் மீட்பு வீதம் என்பது, தொட்டிக்குள் வந்த நீரில் எத்தனை பங்கு நுரைவழியே வெளியேறியது என்பதாகும். உடனிழுப்பு எண் 0 முதல் 1 வரை இருக்கும். மிக நுண்ணிய துகள்களுக்கு 1 ஐ நெருங்கும், பெரிய துகள்களுக்கு 0 ஐ நெருங்கும்.

கற்பனையான எடுத்துக்காட்டு ஒன்றைக் காண்போம். 100 டன் தாதுவில் 3 டன் சால்கோபைரைட்டும் 97 டன் தாதுக்கூளமும் இருப்பதாகக் கொள்வோம். சால்கோபைரைட்டில் 90 விழுக்காடு, அதாவது 2.7 டன், நுரையில் சேர்கிறது. தாதுக்கூளத்தில் 30 டன் நுண்துகள். அதன் உடனிழுப்பு எண் சராசரியாக 0.5. எஞ்சிய பெரிய துகள்கள் இழுக்கப்படுவதில்லை எனக் கொள்வோம்.

* நீர் மீட்பு வீதம் 10 விழுக்காடு எனில்: தாதுக்கூளம் 30 × 0.5 × 0.10 = 1.5 டன். செறிதாது 4.2 டன். தூய சால்கோபைரைட்டில் 34.6 விழுக்காடு செம்பு உள்ளதால், செறிதாதுவில் செம்பு ஏறத்தாழ 22 விழுக்காடு.
* நீர் மீட்பு வீதம் 4 விழுக்காடு எனில்: தாதுக்கூளம் 0.6 டன். செறிதாது 3.3 டன். செம்பு ஏறத்தாழ 28 விழுக்காடு.

இவ்விரண்டு நிலைகளிலும் சேகரிப்பானோ தணிப்பானோ மாறவில்லை; செம்பின் மீட்பும் மாறவில்லை. நுரையுடன் வழிந்த நீரின் அளவு மட்டுமே மாறியுள்ளது.

எவ்வழி என்பதை அறிதல்

செறிதாதுவைப் பகுப்பாய்வு செய்தால் அதில் எவ்வளவு தாதுக்கூளம் உள்ளது என்பது தெரியும். அது எவ்வழியாக வந்தது என்பது தெரியாது. இதனை அறியப் பின்வரும் சோதனைகள் உதவுகின்றன.

* சேகரிப்பான் இன்றி, நுரையாக்கி மட்டும் சேர்த்துச் சோதித்தல். அப்போதும் வந்துசேரும் நுண்துகள் உடனிழுப்பால் வந்தது எனலாம். திராகர் 1981 இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில், சேகரிப்பான் உள்ள நிலையையும் இல்லாத நிலையையும் ஒப்பிட்டு இவ்விரு வழிகளையும் பிரித்துக் காட்டினார். இயல்பிலேயே நீர் வெறுக்கும் கனிமங்களுக்கு இச்சோதனை மட்டும் போதாது.
* வாரன் முறை (1985). நுரையின் ஆழத்தையும் அதனை வழித்தெடுக்கும் வேகத்தையும் மாற்றிப் பல சோதனைகள் செய்து, தாதுக்கூள மீட்பை நீர் மீட்புக்கு எதிராக வரைபடமாக வரைவர். புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் அமையும். கோட்டின் சாய்வு உடனிழுப்பைக் காட்டும். நீர் மீட்பு சுழியமாகும் இடம்வரை கோட்டை நீட்டினால் எஞ்சும் அளவு மெய்மிதப்பைக் காட்டும்.
* அளவு வாரியான பகுப்பாய்வு. மாசு 10 மைக்ரோமீட்டருக்குக் குறைந்த பகுதியில் குவிந்திருந்தால் உடனிழுப்பையும், எல்லா அளவுகளிலும் பரவியிருந்தால் மெய்மிதப்பையோ இணைதுகள்களையோ ஐயுறலாம்.
* நுண்ணோக்கி ஆய்வு. இணைதுகள்களையும் சேற்றுப்படலத்தையும் நேரடியாகக் காண இது உதவும்.

கட்டுப்படுத்தும் முறைகள்

உடனிழுப்பைக் குறைக்க, நுரையுடன் செல்லும் நீரைக் குறைக்க வேண்டும். நுரையின் ஆழத்தைக் கூட்டினால் நீர் வடிவதற்கு நேரம் கிடைக்கும். காற்றின் அளவையும் நுரையாக்கியின் அளவையும் குறைத்தாலும் நீர் குறையும். ஆயினும் இவற்றை அளவுக்கு மீறிச் செய்தால் குமிழிகள் உடைந்து, ஒட்டியிருந்த பயனுள்ள துகள்களும் கீழே விழுந்துவிடும்.

மற்றொரு வழி, முதற்கட்டச் செறிதாதுவை மீண்டும் நீர் சேர்த்து நீர்க்கச்செய்து, தூய்மையாக்கும் கட்டங்களில் திரும்ப மிதக்கவைப்பதாகும். குழம்பு நீர்த்திருப்பதால், நுரைக்குள் செல்லும் ஒவ்வொரு லிட்டர் நீரிலும் தாதுக்கூளம் குறைவாகவே இருக்கும்.

நுரையின் மேல் தூய நீரைத் தெளித்தல் மிகவும் பயனுள்ள வழியாகும். இக்கழுவு நீர் நுரையின் ஊடே கீழிறங்கி, தாதுக்கூளம் கலந்த நீரை வெளியே தள்ளிவிட்டு அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. கனடாவில் 1960-களில் உருவாக்கப்பட்ட மிதப்புத் தூண் இக்கருத்தின் அடிப்படையில் அமைந்தது. உயரமான இத்தூணில் ஆழமான நுரை, கழுவு நீரால் இடைவிடாது கழுவப்படுகிறது. 1980-களின் தொடக்கத்தில் கியூபெக் மாகாணத்தின் காசுபே சுரங்க ஆலையில் மாலிப்டினைட்டைத் தூய்மையாக்க இது தொழில்முறையில் பயன்படுத்தப்பட்டது. 1980-களில் ஆஸ்திரேலியப் பேராசிரியர் கிரேம் சேம்சன் உருவாக்கிய சேம்சன் கலத்திலும் கழுவு நீர் பயன்படுத்தப்படுகிறது.

மெய்மிதப்பைக் குறைக்கத் தணிப்பான்கள் தேவை. மாக்கல்லுக்குக் கார்பாக்சிமெத்தில் செல்லுலோசும், கொத்தவரை விதையிலிருந்து பெறப்படும் குவார் பிசினும் பயன்படுகின்றன. இராம்புரா ஆகுச்சாவில் கிராபைட்டைத் தணிக்க நிக்ரோசின் என்னும் கருநிறச் சாயம் பயன்படுத்தப்பட்டுள்ளது. தணிப்பானுக்கு மாற்றாக, சேகரிப்பான் சேர்ப்பதற்கு முன்பே கிராபைட்டு, மாக்கல் போன்றவற்றை மிதக்கவைத்து நீக்கிவிடும் முறையும் உண்டு. இது முன்மிதப்பு எனப்படும்.

எடுத்துக்காட்டு: புசுவெல்டு பிளாட்டினத் தாதுக்கள்

தென்னாப்பிரிக்காவின் புசுவெல்டு பாறைத்தொகுதி, உலகின் மிகப்பெரிய பிளாட்டின இருப்பைக் கொண்டது. ஒரே தொகுதியில் அமைந்த இரண்டு தாதுப்படுகைகள், தாதுக்கூளத்தின் இருவேறு நடத்தைகளைத் தெளிவாகக் காட்டுகின்றன. இரண்டிலும் ஒரு டன் பாறையில் சில கிராம் அளவுக்கே பிளாட்டினக் குழு உலோகங்கள் உள்ளன. எஞ்சியவை பெரும்பாலும் தாதுக்கூளமே.

மெரென்சுகி படுகையில் பைராக்சீன் மிகுதி. பைராக்சீன் நீர் விரும்பும் கனிமம், அது மிதக்கக்கூடாது. ஆனால் பைராக்சீன் மணிகளின் ஓரங்கள் காலப்போக்கில் மாக்கல்லாகத் திரிந்துள்ளன. அம்மெல்லிய ஓரத்தின் காரணமாக முழுத்துகளும் குமிழியில் ஒட்டி மிதக்கிறது. இது மெய்மிதப்பு. இங்குக் கார்பாக்சிமெத்தில் செல்லுலோசோ குவார் பிசினோ நல்ல பலன் தருகிறது.

யூ.ஜி.2 என்னும் படுகையில் குரோமைட்டு மிகுதி. குரோமைட்டு மிதப்பதில்லை, அரைக்கும்போது உண்டாகும் அதன் நுண்துகள்கள் நீருடன் இழுத்துச் செல்லப்படுகின்றன. உருக்காலையில் குரோமியம் ஆக்சைடு எளிதில் கரையாமல், உயர் உருகுநிலை கொண்ட சிபினல் படிகங்களாகப் பிரிந்து உலையின் அடியில் படிகிறது. ஆகவே செறிதாதுவில் அதன் அளவு சில விழுக்காட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டியுள்ளது. தணிப்பானைக் கூட்டினால் குரோமைட்டின் மேற்பரப்பில் மாற்றம் ஏதும் தேவைப்படாததால், நேரடிப் பயன் இல்லை. நீரைக் கட்டுப்படுத்துவதும், குரோமைட்டை மிகையாக அரைக்காமல் விடுவதுமே வழி. இதற்காகவே பல ஆலைகளில் முதலில் சற்றுப் பருமனாக அரைத்து மிதக்கவைத்து, எஞ்சியதை மீண்டும் அரைத்து மீண்டும் மிதக்கவைக்கும் இருநிலை முறை பின்பற்றப்படுகிறது.

இவ்விரு வழிகளும் முற்றிலும் தனித்தனியானவை அல்ல. மாக்கல் போன்ற நீர் வெறுக்கும் துகள்கள் நுரையை உறுதியாக்குகின்றன. உறுதியான நுரை கூடுதல் நீரைத் தாங்கும். கூடுதல் நீர் குரோமைட்டை இழுத்து வரும். எனவே தணிப்பான் மாக்கல்லை நீக்கும்போது, நுரையின் தன்மை மாறி, குரோமைட்டும் மறைமுகமாகக் குறையலாம். ஆனால் தணிப்பான் அளவுக்கு மிஞ்சினால் நுரை நிலைகுலைந்து பிளாட்டினமும் இழக்கப்படும்.

தலைகீழ் மிதப்பு

சில தாதுக்களில் தாதுக்கூளத்தையே மிதக்கவைப்பது எளிது. இரும்புத் தாதுவில் குவார்ட்சு மாசாக இருக்கும்போது, அமீன் வகைச் சேகரிப்பானால் குவார்ட்சு நுரையில் சேர்க்கப்படுகிறது. மாவுச்சத்து, எமடைட்டு மிதக்காமல் தடுக்கிறது. இது தலைகீழ் மிதப்பு எனப்படும். இங்கு உடனிழுப்பின் விளைவும் தலைகீழாகிறது: நீருடன் இழுத்துச் செல்லப்படுவது பயனுள்ள நுண் எமடைட்டு என்பதால், அது மாசாக அன்றி இழப்பாகக் கணக்கிடப்படும்.

கழிவாக வெளியேறிய பின்

நன்கு பிரிக்கப்பட்ட தாதுக்கூளமும் மறைந்துவிடுவதில்லை. செம்பு, தங்கம், பிளாட்டினம் முதலியவற்றின் தாதுக்களில் அரைக்கப்பட்ட பாறையின் மிகப்பெரும் பகுதி கழிவுக்குழம்பாகவே வெளியேறி, கழிவணைகளில் தேக்கப்படுகிறது. தொட்டியில் சிக்கலை உண்டாக்கிய அதே நுண்மை, அணையிலும் சிக்கலை உண்டாக்குகிறது. நுண்சேறு நீரை எளிதில் விடுவதில்லை. ஆண்டுகள் பல கடந்தும் இறுகாமல் இருக்கும்.

பிரேசில் நாட்டில் மரியானா நகருக்கு அருகிலிருந்த புந்தாவோ கழிவணை 2015 நவம்பர் 5 அன்று உடைந்ததில் 19 பேர் உயிரிழந்தனர். தோசே ஆறு கடல்வரை மாசடைந்தது. அங்கு இரும்புத் தாதுவின் மிதப்பில் வெளிவந்த மணலும், மிதப்புக்கு முன் பிரிக்கப்பட்ட நுண்சேறும் தேக்கப்பட்டிருந்தன. மணல் இருக்க வேண்டிய பகுதியில் அமைந்துவிட்ட நுண்சேற்றுப் படிவு, மேலேயிருந்த மணலின் நிலைப்பைக் குலைத்தது என 2016 இல் வெளியான வல்லுநர் குழு அறிக்கை விளக்கியது.

கழிவுக்குழம்பிலிருந்து நீரைப் பிழிந்தெடுத்து, வடிகட்டிய கழிவை உலர்ந்த நிலையில் அடுக்கும் முறை, நீரைச் சேமிப்பதோடு அணை உடையும் இடரையும் குறைக்கிறது. பாறையைச் சற்றுப் பருமனாகவே அரைத்து மிதக்கவைக்க உதவும் புதிய வகைத் தொட்டிகளும் பயன்பாட்டுக்கு வந்துள்ளன. நுண்துகள்கள் குறைவாக உருவானால் நுரையில் உடனிழுப்பும் குறையும், அணையில் நீரும் எளிதில் வடியும்.

இவற்றையும் பார்க்க

* நுரை மிதப்பு முறை
* தாது
* உலோகவியல்
* பரப்பு இழுவிசை
* கழிவணை